எறும்புக்குப் போட்ட சர்க்கரை

தருமபுரி,
2.3.1986

அன்புள்ள தம்பி முகம்மது கவுஸுக்கு அக்காள் அக்தர் பேகம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன்னையும் தெரசாவையும் அல்லாஹ் சுகத்தோடு வைத்திருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. எழுதினால் பொய்யாகும். காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. பொம்மிடியில் கட்டிக்கொடுத்த ஹசீனாவும் பிள்ளைகளும் சுகம். எனக்குத்தான் எந்நேரமும் குமட்டிக்கொண்டே இருக்கிறது. மசக்கை என்று நினைத்துவிடாதே, நான் பேரன் எடுத்தவள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் எதிர்வீட்டு சகாயமேரி டீச்சர் விலாசத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உன் பெயரை வாய்விட்டுச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. நீ கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டாய் என்று தெரிந்த அன்றைக்கு உன் மச்சான், அவன் இனி இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, அவன் பேச்சும் இங்க வரக் கூடாது என்று சொன்னவர்தான். இன்றுவரை அதில் ஒரு நூல் இறங்கவில்லை.

தெரசாவுக்கு ஆறாம் மாசம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷம் வந்தது, கூடவே பயமும் வந்தது. தலைப்பிரசவம். அவளுக்கோ தாய் இல்லை, தகப்பனும் உன்னைக் கட்டிக்கொண்டதற்காகத் தலைமுழுகிவிட்டார். வெந்நீர் வைத்துக் கொடுக்கவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் அங்கே யார் இருக்கிறார்கள்? தாய்வீடு இல்லாதவளுக்கு நாத்தனார் வீடுதான் தாய்வீடு. அவளை இங்கே கூட்டிவந்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு உன் மச்சான் மனசு இளக வேண்டும். அதற்கு எனக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது. வழி நல்ல வழிதான், ஆனால் கேட்கவே அருவருப்பான வழி.

நம் வீட்டு முன்னால் நிற்கிற பூவரச மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் மச்சான் அதன் நிழலில் பாய் விரித்துத்தான் பஞ்சு அடிப்பதும் மெத்தை தைப்பதும். வீட்டுக்குள் அடித்தால் பஞ்சுத் தூசியில் எனக்கு இளைப்பு வந்துவிடும். அந்த மரத்தில் தை மாசத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டிருக்கிறது. முதலில் உன் மச்சானின் பஞ்சுதான் பறந்துபோய் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தோம். கொழுந்து எல்லாம் சுருண்டு குருடாகிப் போன பிறகுதான் அது உயிருள்ளது என்று தெரிந்தது. விரலால் நசுக்கினால் உள்ளே இருந்து சிவப்பாக வருகிறது. ஒரு தடவை நசுக்கிவிட்டு அன்று முழுவதும் அந்தக் கையால் சோறு தின்ன முடியவில்லை.

அதோடு போயிற்றா? மரத்திலிருந்து சாரல் மாதிரி ஒரு பிசின் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வாசலில் நடந்தால் செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. குடத்து விளிம்பில் பிசுபிசு, கொடியில் காயப்போட்ட துணியில் பிசுபிசு, தலைமுடியில் பிசுபிசு. இலையெல்லாம் அடுப்புக்கரி பூசியது போலக் கறுத்துவிட்டது. ஈக்கள் கல்யாண வீடு போலக் கூடிவிட்டன. நம் மரம் மட்டும் இல்லை, டீச்சர் வீட்டு மரம், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிற்கிற மரம், தெரு முழுக்க இதே கதைதான்.

போன வாரம் இண்டூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் மெத்தை வாங்க வந்தார்கள். பட்டுத் துணி போட்ட மெத்தை, உன் மச்சான் அத்தனை அழகாகத் தைத்திருந்தார். அதன் மேல் இந்தப் பிசின் சொட்டிச் சொட்டிக் கறை. பெண்ணின் தாய் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, யாரோ படுத்து எழுந்த மெத்தையைப் புதுசுன்னு குடுக்கறீங்களா பாய் என்று கேட்டுவிட்டாள். உன் மச்சான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று சாப்பிடவில்லை. நோன்பு வருவதற்குள் முடிய வேண்டிய கல்யாண மெத்தைகள் இன்னும் வரிசையில் இருக்கின்றன. மரத்தை வெட்டிவிடலாம் என்றால் நிழலுக்கு எங்கே போவது? அதனால் அவர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருக்கிறார். அதை எழுதவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் மரத்தடியில் எறும்புக்கு ஒரு பிடி சர்க்கரை போடுவது அவர் வழக்கம் என்று உனக்குத் தெரியும். வாயில்லா ஜீவனுக்குப் போடுகிற சதக்கா, தர்மம்தானே என்று நானும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அந்த எறும்பெல்லாம் சாரை சாரையாக மரத்தில் ஏறுகிறது. பூச்சியைத் தின்னத்தான் ஏறுகிறது என்று இவர் முடிவு கட்டிவிட்டார். தெம்பாக இருந்தால் நன்றாகத் தின்னும் என்று ஒரு பிடியை மூன்று பிடியாக்கிவிட்டார். எறும்பு எப்பிடிப் போவுது பாரு, இனி பூச்சி ஒழிஞ்சிது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். ரேஷன் சர்க்கரை முழுக்க மரத்தடிக்குப் போகிறது. எனக்கு டீயில் போடக் கருப்பட்டிகூட இல்லை.

நான் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். எறும்பு எங்கே தின்கிறது? அந்தப் பூச்சியின் பின்பக்கத்தை மீசையால் தடவிக் கொடுக்கிறது. அது ஒரு சொட்டு விடுகிறது. இது குடிக்கிறது. எறும்பு குடித்தது போக மிச்சம்தான் இத்தனை நாளும் நம் தலையில் விழுந்தது என்று புரிந்ததும் இறங்கி வந்து இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன். உன் மச்சானிடம் சொன்னால், பொம்பளைக்கு எறும்பைப் பத்தி என்ன தெரியும் என்கிறார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறேன், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

பூச்சியைத் தின்கிற பூச்சியை வளர்க்கிற ஆபீஸில் வேலை என்று நீ எழுதியபோது நானும் டீச்சரும் சேர்ந்து சிரித்தோம். பூசணிக்காயில் பூச்சி ஏற்றி, அதில் வண்டு வளர்ப்பதுதான் தெரசாவின் வேலை என்று எழுதியிருந்தாய். மாசமாக இருக்கிற பெண் தொடுகிற பொருளா அது என்றுகூட நினைத்தேன். இப்போது சிரிப்பு அடங்கிவிட்டது. எங்கள் மரத்துக்கு ஏற்றது உங்களிடம் இருந்தால் அனுப்பு. மரம் சுத்தமாகிவிட்டால் அவர் முன்னால் நின்று, இது கவுஸும் அவன் பெண்டாட்டியும் செய்த உபகாரம் என்று சொல்லிவிடுவேன். தொழிலைக் காப்பாற்றிக் கொடுத்தவனை வேண்டாம் என்பாரா? அப்புறம் தெரசாவை நானே பெங்களூர் வந்து கூட்டிவருவேன்.

அவளைக் கனமாக எதையும் தூக்க விடாதே. பூசணிக்காயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துஆவுடன்,
உன் அக்காள்
அக்தர் பேகம்


தருமபுரி,
20.4.1986

தம்பி கவுஸுக்கு அக்காள் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தெரசா சுகமா? கால் வீக்கம் வற்றியதா? அதற்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் நான் கேட்கப்போகிற கேள்விக்குப் பதில் எழுது. நான் கோபமாக இருக்கிறேன்.

டீச்சரின் தம்பி கையில் நீ கொடுத்தனுப்பிய அட்டைப்பெட்டி வந்தது. அதைத் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளே மிளகைப் பாதியாக வெட்டியது போலக் கறுப்பு வண்டுகள், தலைப்பக்கம் மட்டும் செம்பழுப்பு. நீ எழுதியபடி வெயில் இறங்கியதும் எங்கள் மரத்தில் பாதியும் டீச்சர் மரத்தில் பாதியும் விட்டோம். உன் மச்சான் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்த நேரம். முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கொழுந்தில் தட்டிவிட்டேன். இரண்டு என் சட்டைக் கையில் ஏறிவிட்டது. அதைப் பற்றி எழுத வேண்டாம், விடு.

நீ சொன்னதுதான் நடந்தது. எறும்பு விடவில்லை. தன் மாட்டைக் களவாட வந்தவனைப் போல விரட்டி விரட்டிக் கடித்தது. ஆகவே நீ எழுதியிருந்தபடி மாதுவின் சைக்கிள் கடையில் கிரீஸ் வாங்கித் துணியில் தடவி மரத்தைச் சுற்றிக் கட்டினேன். டீச்சரும் அவர்கள் மரத்துக்குக் கட்டினார்கள். அவர்களுக்கு அவிழ்க்க ஆள் இல்லை. எனக்கு இருக்கிறது. உன் மச்சான் பார்த்தார், இது என்ன, எறும்புக்கு வழி அடைக்கிறியா, பாவம் புடிச்சுக்கும் என்று உருவி எறிந்துவிட்டார். காரணத்தைச் சொல்லவும் முடியவில்லை. காரணம் உன் பெயரில் போய் முடிகிறதே.

நானும் சும்மா விடவில்லை. மரத்தில் அவர் பஞ்சுச் சாக்கு தொங்கவிடுகிற இடத்தில், சாக்குக்குப் பின்னால் மறைவாக இன்னொரு கிரீஸ் துணி கட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் சர்க்கரை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் நான் துடைப்பத்தோடு போய் அதை வாரிச் சாக்கடைக்கு அப்பால் இருக்கிற குட்டிச்சுவரில் கொட்டிவிட்டு வருவேன். சதக்காவும் கெடாது, எறும்பும் இடம் மாறும். இப்படிச் சொந்த வீட்டில் சர்க்கரைத் திருடியாகத் திரிந்தேன். எறும்பு குறைந்தது. வண்டுகள் கொழுந்தில் தங்கின. மனசுக்குள் தெரசாவுக்கு எந்த அறை என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். நீ என்னத்தை அனுப்பினாய்?

மூன்று நாளாக மரத்தில் புதுசாக ஒரு ஜந்து. அதே வெள்ளை, அதே மாவு, ஆனால் பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிசு. உடம்பு முழுக்க வெள்ளை நூல் நூலாகத் தொங்குகிறது. பழைய பூச்சியாவது ஒட்டிக்கொண்டு ஓரிடத்தில் கிடந்தது, இது நடக்கிறது. நேற்று ஒன்று காற்றில் என் தோளில் விழுந்து கழுத்துப் பக்கமாக ஏறியது. நான் போட்ட சத்தத்தில் டீச்சர் கரண்டியோடு ஓடிவந்தார்கள். சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்று டீச்சர் சொன்னார்கள், நான் குரங்கே தேவலாம் என்றேன்.

பெட்டி மாறிவிட்டதா? பூச்சியைத் தின்கிறதற்குப் பதிலாகப் பூச்சிக்குப் பெரியப்பனை அனுப்பிவிட்டீர்களா? கைக்கு எட்டிய கிளைகளில் இருந்ததை எல்லாம் துடைப்பத்தால் வழித்து மண்ணெண்ணெயில் போட்டுவிட்டேன். டீச்சரையும் வழிக்கச் சொன்னேன். அவர்கள் உன் பதில் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை எனக்கு வராது.

உன் மச்சானும் பார்த்துவிட்டார். பூச்சி கொழுத்துப் போச்சு என்கிறார். மாந்தோப்புக்கு மருந்து அடிக்கிற மாரப்பனைக் கூப்பிடப் போகிறாராம். நீ உடனே எழுது. இரண்டு வரி போதும்.

தெரசாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. வாந்தி என்கிற வார்த்தையைப் படித்தால் அவளுக்கும் வரும்.

உன் அக்காள்
அக்தர் பேகம்


தருமபுரி,
25.5.1986

அன்புள்ள தம்பி கவுஸுக்கும், தெரசாவுக்கும் அக்தர் பேகம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உன் பதில் நான் கேட்டபடி உடனே வந்தது. அந்த நூல் தொங்குகிற வெள்ளைப் புழுதான் வண்டின் பிள்ளை, பூச்சி மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து தின்னும், வண்டைவிட அதுதான் பெருந்தீனி என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளை அல்லவா மண்ணெண்ணெயில் போட்டிருக்கிறேன். போய் நாற்காலியில் ஏறிப் பார்த்தேன். மேல் கிளைகளில் நான் வழிக்காதவை நிறைய இருந்தன. ஒரு புழு, பூச்சியின் முட்டை மூட்டைக்குள் தலையை விட்டு அப்பளம் தின்கிற மாதிரித் தின்றுகொண்டிருந்தது. பார்க்கக் கண்றாவிதான். ஆனாலும் அரைமணி நேரம் பார்த்தேன். தின்னு, நல்லாத் தின்னு என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் மாரப்பன் பம்பும் வாளியுமாக வந்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். மருந்தைக் கலக்கிவிட்டார், நாற்றம் தெருக்கோடி வரை அடித்தது. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். முக்காடு நழுவியதுகூடத் தெரியவில்லை. மரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அடிக்காதீங்க, அது பூச்சி இல்ல, பூச்சியைத் திங்கற வண்டோட குஞ்சு என்றேன். மாரப்பன் சிரித்தார். நான் பாக்காத பூச்சியாங்கம்மா, நகந்துக்குங்க, மேல பட்டுடப் போவுது என்றார். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

உன் மச்சான் என்னைப் பார்த்து, யார் சொன்னாங்க உனக்கு என்று கேட்டார்.

தம்பி, டீச்சர் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீச்சர் படித்தவர், அவர் பேச்சுக்கு இவரிடம் மரியாதை உண்டு. பம்பைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார். டீச்சரும் வாசலில் நின்றுகொண்டு, சொல்லேன் என்பது போலத் தலையை ஆட்டினார். என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் மரம் பிழைப்பதற்காகவா நான் இத்தனை நாளும் இந்த அசிங்கத்தையெல்லாம் தொட்டேன்? கவுஸ் அனுப்பினது, அவனும் அவன் சம்சாரமும் வளத்து அனுப்பினது என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்தது. அப்புறம், அவன் அனுப்பின புழுவுக்கு இந்தப் பூச்சியே மேலு என்றார். அடி மாரப்பா, ஒரு கிளை விடாத அடி என்றார். மாரப்பன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடித்தார். கூலிக்கு வந்தவர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

சாயங்காலம் வரை விழுந்துகொண்டே இருந்தன. வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன, வண்டுகள் கடுகு கொட்டியது போல விழுந்தன. வாசலைக் கூட்டுவது என் வேலைதானே. கூட்டினேன். குமட்டவில்லை, அழுகைதான் வந்தது. புழுவுக்காக அழுகிற பொம்பளை என்று தெருவில் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பழைய மாவுப்பூச்சி சாகவில்லை. பட்டை இடுக்கிலும் சுருண்ட கொழுந்துக்குள்ளும் தன் வெள்ளைப் பஞ்சுக்கு அடியில் பத்திரமாக இருந்தது போலும். நோன்பு பிறந்து ஒரு வாரத்துக்குள் முன்னைவிட இரண்டு பங்காக அப்பிக்கொண்டது. தின்ன ஆளில்லை, இனி அதற்கு என்ன கேடு? அதே பிசின், அதே ஈ. எறும்பும் திரும்பி வந்துவிட்டது. ரமலானில் சதக்காவுக்கு நன்மை பல மடங்கு என்று உன் மச்சான் இப்போது தினமும் சர்க்கரை போடுகிறார். நான் வாருவதை விட்டுவிட்டேன்.

எதிரே டீச்சர் மரத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கே உன் வண்டுகள் நிம்மதியாகத் தின்று பெருகி, பூச்சியை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டன. புதுக் கொழுந்து விட்டு, மஞ்சளாகப் பூவும் பூத்திருக்கிறது. தரை காய்ந்து சுத்தமாக இருக்கிறது. குழாயடி மரத்துக்கும் சில வண்டுகள் போய்விட்டன என்று டீச்சர் காட்டினார்கள்.

இதுவரைக்கும் எழுதினதைக்கூட நான் விழுங்கிக்கொண்டேன். அடுத்ததுதான் முடியவில்லை.

பத்து நாளாக உன் மச்சான் டீச்சர் மரத்தடியில் பாய் விரித்து மெத்தை தைக்கிறார். நம் மரத்தடியில் சொட்டுகிறதாம். டீச்சர் நல்லவர், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் நேராகவே சொல்லிவிட்டார், பாய், இந்த நிழல் உங்க மச்சினன் வண்டு குடுத்தது, தெரிஞ்சிதான் உக்காந்திருக்கீங்களா என்று. நான் இந்தப் பக்கம் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நிழலுக்கு ஏதுங்க பேரு என்றார்.

தலையில் பூச்சியின் கழிவு விழுந்தபோதும், கழுத்தில் புழு ஏறினபோதும் வராத அருவருப்பு எனக்கு அந்தப் பதிலில் வந்தது. உன் நிழலில் உட்காரலாம், நீ வாசலில் நிற்கக் கூடாது. உன் வண்டு பிழைக்க வைத்த மரத்தடியில் தைத்த மெத்தை இண்டூருக்கும் பொம்மிடிக்கும் போகலாம், உன் பிள்ளை இந்த வீட்டில் பிறக்கக் கூடாது. இந்த மனிதரோடு இருபத்தாறு வருஷம் ஒரே சட்டியில் தின்றிருக்கிறேன். கோபக்காரர் என்று தெரியும், வீம்புக்காரர் என்றும் தெரியும். இப்படி ஒரு ஆள் என்று தெரியாது.

முந்தாநாள் நோன்பு திறந்து கஞ்சி குடித்து முடிந்ததும் கேட்டேன். இன்னும் இரண்டு வாரத்தில் தெரசாவுக்குப் பிரசவம், இங்கே கூட்டி வரட்டுங்களா என்று. கூடாது என்றார். அப்ப நான் போய்ப் பாத்துக்கறேங்க என்றேன். போறதுன்னா போ, போன எடத்துலயே இருந்துக்க என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நாளைக்கு மாறும் என்று நினைத்திருப்பேன். பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

நேற்று ஹசீனாவுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். அவள் தன் வாப்பா பக்கம் பேசுவாள், பேசட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலுக்கு டீச்சர் என்னை ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் அங்கே வந்து சேருவேன். நான் தனியாகப் பெங்களூர் வந்ததில்லை, அதனால் நீ ஸ்டேஷனுக்கு வந்துவிடு. தெரசாவை வரச் சொல்லாதே, வயிற்றுப் பிள்ளைக்காரி கூட்டத்தில் இடிபட வேண்டாம். பெருநாளை உங்களோடு வைத்துக்கொள்கிறேன்.

தெரசா, உனக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்று வருஷத்தில் உனக்கு ஒரு சலாம்கூட நான் நேராகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பயப்படாதே, மகளே. வலி எடுக்கும்போது நீ உன் மாதாவைக் கூப்பிடு, நான் என் ரப்பைக் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து கேட்டால் எதுவும் கெட்டுப்போகாது. பிள்ளையைக் குளிப்பாட்ட, எண்ணெய் தேய்க்க, ராத்திரி தூக்கி வைத்துக்கொள்ள எல்லாம் எனக்குக் கை பழக்கம் உண்டு. சமையலும் பார்த்துக்கொள்வேன். உன் பூசணிக்காய் அறைப்பக்கம் மட்டும் என்னைக் கூப்பிடாதே. உங்களுக்கு இடைஞ்சலாக இருக்க மாட்டேன். ஒரு மூலை போதும்.

தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, இருவரும் சுகமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்வான். ஆமீன்.

கவுஸ், அக்கம்பக்கத்தில் கேட்டால் அக்காள் பிரசவம் பார்க்க வருகிறாள் என்று சொல்லு. அது உண்மைதான். என் பெட்டி கொஞ்சம் கனமாக இருக்கும். ஏன் இத்தனை கனம் என்று ஸ்டேஷனில் நிற்க வைத்துக் கேட்டுவிடாதே, தம்பி.

உன் அக்காள்
அக்தர் பேகம்